எங்கள் ஊரை நகராட்சி ஆக்குவது யார்? - வாசகர் கேள்வி பதில்

உள்ளாட்சி எல்லை பற்றி உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று கேட்டதுதான் தாமதம், தபாலும் வாட்ஸ்அப்பும் நிறைந்துவிட்டது. கேட்டவர்களில் சிலர் அரசு வேலையில் இருப்பவர்கள், வம்பு வேண்டாம் என்று எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். நான் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன். எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்த்து நகராட்சி ஆக்கப் போகிறார்களாம். கிராம சபையில் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டோம். இதற்கு மேல் அரசு ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சரிதானா? (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: சரியில்லை சார். அந்த நம்பிக்கையில் சும்மா இருந்துவிட்டால் ஏமாந்து போவீர்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு, அது கோப்பில் ஏறும், அமைச்சர் வரை போகும், அரசியலாக அதற்குக் கனம் இருக்கிறது. ஆனால் சட்டப்படி அது தடுப்பாணை இல்லை.

ஏன் என்று கேட்டால், அரசியல் சட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. அதில் வந்த 243-க்யூ பிரிவு நகர்ப்புற உள்ளாட்சியை மூன்றாகப் பிரிக்கிறது: கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நகர் பஞ்சாயத்து (நம்மூரில் பேரூராட்சி), சிறிய நகர்ப்பகுதிக்கு நகராட்சி, பெரிய நகர்ப்பகுதிக்கு மாநகராட்சி. எந்த இடம் எது என்று ஆளுநர் பொது அறிவிக்கை மூலம் சொல்ல வேண்டும். ஆளுநர் என்றால் தன் மாளிகையில் உட்கார்ந்து அவரே வரைபடம் போடுவார் என்று நினைத்துவிடாதீர்கள், மாநில அமைச்சரவை எடுக்கும் முடிவுதான் அவர் பெயரில் வருகிறது. அப்படிச் சொல்லும்போது பார்க்க வேண்டியவை எவை என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது: மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம், ஊரின் பொருளாதார முக்கியத்துவம், அப்புறம் அரசு சரியென்று நினைக்கும் மற்ற காரணங்கள். ஊர்க்காரர்களின் சம்மதம் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் இல்லை.

இதற்குக் கீழே மாநிலச் சட்டம். 1920-ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் நூறு வருஷம் நம்மை ஆண்டது. 1998-ல் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று போட்டார்கள், போட்ட கொஞ்ச நாளிலேயே அதை நிறுத்தியும் வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த அந்தச் சட்டத்தைத் தூசி தட்டித் திருத்தி, விதிகளும் எழுதி, 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பேரூராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ எல்லாம் அதன் கீழ்தான். உங்கள் ஊராட்சி இருப்பது வேறு சட்டத்தில், 1994-ஆம் வருடத்து ஊராட்சிகள் சட்டத்தில். ஆக, ஊரை இடம் மாற்ற வேண்டுமென்றால் இங்கிருந்து எடுக்க வேண்டும், அங்கே சேர்க்க வேண்டும், இரண்டுக்கும் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம் இரண்டு கட்டமாக வரும். நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். முதலில் வருவது உத்தேச முடிவு: இன்ன இன்ன பகுதிகளைச் சேர்த்து நகராட்சி அமைக்க அரசு உத்தேசித்திருக்கிறது, ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அரசிதழில் அறிவிக்கை வரும். பிறகு வந்த ஆட்சேபணைகளைப் பார்த்து (பார்த்ததாகச் சொல்லி என்று படித்தாலும் தப்பில்லை) இறுதி அறிவிக்கை. சட்டசபையில் அமைச்சர் அறிவிப்பது, பேப்பரில் பெரிய எழுத்தில் வருவது, ஊரில் பட்டாசு வெடிப்பது, இதெல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒன்றும் இல்லை. இறுதி அறிவிக்கை வரும் வரை உங்கள் ஊர் ஊராட்சிதான்.

எனவே செய்ய வேண்டியது, உத்தேச அறிவிக்கை வந்த நாளைக் கண்டுபிடித்து, அதில் போட்டிருக்கும் கெடு முடிவதற்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறதோ அவருக்கே, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் ஆட்சேபணை அனுப்புவது. கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் அதோடு வையுங்கள். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 243-க்யூ சொல்லும் விஷயங்களுக்கு நேராக எழுதுங்கள்: எங்கள் ஊராட்சியில் இத்தனை ஏக்கர் நஞ்சை, இத்தனை பேர் விவசாய வேலை, பேரூராட்சிக் கடைசி வீட்டுக்கும் எங்கள் முதல் வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் வயல்தான், ஊராட்சியின் சொந்த வருவாய் இவ்வளவுதான் என்று. முழு ஊராட்சியும் வேண்டாம் என்று சொல்வதோடு, அது முடியாவிட்டால் இன்ன இன்ன குக்கிராமங்களையாவது விட்டுவிடுங்கள் என்று இரண்டாவது கோரிக்கையும் வையுங்கள். விட்டுக்கொடுப்பது மாதிரித் தெரியும், ஆனால் கோப்பு எழுதுகிறவருக்கு அதுதான் கையில் பிடிக்க ஏதாவது கொடுக்கும்.

நான் இளம் வயதில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எல்லை விரிவாக்கத்துக்கு ஆட்சேபணை மூட்டையாக வந்தது. ஒரே வாசகம், ஜெராக்ஸ், கீழே கையெழுத்து மட்டும் வேறு. அத்தனையையும் எண்ணி ஒரே வரியில் குறிப்பு எழுதி முடித்தோம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்கு நடுவே பள்ளிக்கூட நோட்டுத் தாளில் ஒரு பெரியவர் வாய்க்காலைக் கோடு போட்டு வரைந்து, இந்தப் பக்கத்துப் புல எண்கள் (சர்வே நம்பர்) எங்கள் கிராமத்தில் இல்லை, அடுத்த கிராமத்தில் இருக்கின்றன, பட்டியலில் தப்பாக ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு தாளுக்காக மட்டும் தாலுகா ஆபீசுக்கு ஆள் அனுப்பிச் சரிபார்த்தோம். அவர் சொன்னது சரி, பட்டியலும் திருத்தப்பட்டது.

கேள்வி: நகராட்சி ஆனால் நூறு நாள் வேலை போய்விடுமா? (அரூர் பக்கத்து வாசகி)

பதில்: போய்விடும் அம்மா. அது மத்தியச் சட்டத்தின் கீழ் கிராமப்புறத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்ட வேலை. ஊர் நகர்ப்புறம் என்று அறிவிக்கப்பட்டால் அட்டைக்கு வேலை கிடையாது. கிராமக் குடிநீருக்கு வரும் ஜல் ஜீவன், கிராம வீட்டு வசதித் திட்டம் போன்றவையும் அப்படித்தான், அவற்றுக்குப் பதிலாக நகர்ப்புறத்துக்கென்று வேறு திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021-22-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். ஆனால் கேட்டால் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்ட உரிமை அதில் இல்லை. 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகர்ப்புறத்தில் சேர்க்கும் பட்டியல் வந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் இதுதான், வரி இரண்டாவதுதான். ரேஷன், உதவித்தொகை, பஸ்ஸில் இலவசப் பயணம் இவற்றுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

கேள்வி: 2025-ல் ஏன் புது நகராட்சி, புதுப் பேரூராட்சி, ஊராட்சி இணைப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறிவித்தார்கள்? திட்டமிட்ட வேலையா? (மதுரை வாசகர்)

பதில்: திட்டமிடாமல் எந்த அரசும் எதையும் செய்யாது. ஆனால் இந்த விஷயத்தில் காலண்டரைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, ஊராட்சித் தலைவர்கள் 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றார்கள். ஐந்து வருஷம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. நடப்பில் இருக்கும் ஊராட்சியைப் பாதியில் கலைத்து நகராட்சியோடு சேர்த்தால் பதவி இழக்கும் தலைவர் கோர்ட்டுக்குப் போவார், அந்தத் தலைவலி வேண்டாம் என்று எந்த அரசும் பதவிக்காலம் முடிகிற நேரத்தைத்தான் பார்க்கும். அந்தச் சமயத்தில்தான் கன்னியாகுமரி, அரூர், பெருந்துறை, அவிநாசி உள்பட 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகள் இணைப்பு என்று பட்டியல் வந்தது. அதற்கு முன்னால் 2021-ல் குன்றத்தூர், மாங்காடு, மானாமதுரை, திருச்செந்தூர், வடலூர் என்று 28 நகராட்சிகளை அறிவித்தபோதும், நகர்ப்புறத் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம். சென்னையைச் சுற்றியும் கோவையைச் சுற்றியும் ஊராட்சி என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டிக்கொண்டு பத்து மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன, கழிவுநீர் லாரியில் போகிறது, ஒரு ஊராட்சிச் செயலரும் நாலு தூய்மைக் காவலர்களும் அதைச் சமாளிக்க வேண்டும் என்றால் எப்படி? அந்த ஊர்களை நகராட்சியில் சேர்ப்பதை நான் எதிர்க்க மாட்டேன். என் சண்டை, நெல் அறுக்கும் ஊரையும் அதே பட்டியலில் போட்டுப் பரப்பளவைக் கூட்டிக் காட்டுவதோடுதான்.

கேள்வி: எங்கள் தெருவில் தெற்குப் பக்கத்து வீடுகளுக்கு நகராட்சிக் குப்பை வண்டி வருகிறது, வடக்குப் பக்கத்துக்கு வராது, அது ஊராட்சியாம். ஒரே தெருவை இரண்டாகப் பிளந்த புத்திசாலி யார்? (கோவை புறநகர் வாசகி)

பதில்: உங்கள் தெருவை யாரும் பிளக்கவில்லை. கோடு முதலில் இருந்தது, தெரு அதன் மேல் வந்தது!

எல்லை அறிவிக்கையை எடுத்துப் பார்த்தால் தெரு பெயரே இருக்காது. கடைசியில் அட்டவணை என்று ஒன்று இருக்கும், அதில் வருவாய்க் கிராமங்களின் பெயர், சில இடங்களில் புல எண்கள், அப்புறம் வடக்கே இன்ன கிராமம், கிழக்கே இன்ன ஓடை என்று நான்கு பக்க எல்லை. வருவாய்க் கிராமம் என்பது வெள்ளைக்காரன் நில வரி வசூலுக்கு அளந்து வைத்த கணக்கு. ஊராட்சி என்பது ஓட்டுக்கும் நிர்வாகத்துக்கும் வந்த கணக்கு. இரண்டும் பல இடங்களில் ஒன்றாக இருக்கும், பல இடங்களில் இருக்காது. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சிகள் இருக்கும், ஒரே ஊராட்சிக்கு மூன்று வருவாய்க் கிராமங்களில் துண்டு துண்டாக நிலம் இருக்கும். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் முன்பு ஒரு வரப்போ வண்டித்தடமோ இரண்டு கிராமத்துக்கு நடுவில் ஓடியிருக்கும். அதன் மேல் மனைப்பிரிவு போட்டவர் முப்பதடி ரோட்டை அழகாக அந்த எல்லையிலேயே கொண்டுபோய்விட்டார். இப்போது எல்லை உங்கள் வாசலில்.

உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வீட்டு வரி ரசீதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், தப்பான பக்கம் வரி வாங்கிய கதைகளும் உண்டு. பத்திரத்தில் இருக்கும் புல எண்ணையும் உட்பிரிவையும் எடுத்துக்கொண்டு அறிவிக்கையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணை கிடைக்கவில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எல்லை பற்றிய விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், "நகராட்சி அமைக்கப்பட்ட அரசாணையும் அரசிதழ் அறிவிக்கையும் அட்டவணையோடு, எல்லை வரைபடத்தின் நகலும்" என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எல்லையை மாற்றச் சொல்லி இரண்டு உள்ளாட்சிகளும் மனுப் போடலாம், ஆனால் அதற்கும் அதே உத்தேசம், ஆட்சேபணை, இறுதி என்ற வழிதான். அது வரை குப்பை வண்டிக்காரரிடம் பேசிப் பாருங்கள், சட்டத்தைவிட அவர் சீக்கிரம் இரங்குவார்.

கேள்வி: கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? வக்கீல் ஒருவர் கட்டாயம் நிற்கும் என்கிறார், இன்னொருவர் தலையைக்கூடக் காட்ட முடியாது என்கிறார். (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டு பேரும் ஆளுக்கொரு தீர்ப்பைப் படித்திருப்பார்கள்.

முதலாமவர் கையில் இருப்பது 1987-ல் இமாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்காக இருக்கலாம். கிராமப் பஞ்சாயத்தில் இருந்த நிலங்களை எடுத்து 'நோட்டிஃபைடு ஏரியா' என்ற நகர்ப்புற உள்ளாட்சியில் சேர்த்தார்கள், விவசாயிகள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று போனார்கள். வரிச்சுமை ஏறுகிறது, வாழ்க்கை மாறுகிறது, அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டாமவர் கையில் இருப்பது 1989-ல் வந்த கல்யாண் தீர்ப்பு. இது சுவாரசியமான கதை, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண், டோம்பிவலி, அம்பர்நாத், உல்லாஸ்நகர் என்ற நான்கு ஊர்களையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்குவதாக மகாராஷ்டிர அரசு வரைவு அறிவிக்கை போட்டது. உல்லாஸ்நகர், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். அவர்கள் வேண்டாம் என்று ஆட்சேபித்தார்கள், மேலே மேலே போனார்கள், அவர்கள் தரப்பை அரசு உட்கார்ந்து கேட்டது, கடைசியில் உல்லாஸ்நகரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்து மாநகராட்சி அமைத்தது. உடனே மற்ற ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது: அவர்களை மட்டும் கேட்டீர்கள், எங்களை ஏன் கேட்கவில்லை, திட்டத்தையே மாற்றிவிட்டீர்களே, அப்படியானால் புதிதாக வரைவு போட வேண்டாமா என்று வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது, உச்ச நீதிமன்றம் சாயவில்லை. மாநகராட்சி அமைப்பதும் எல்லை வரைவதும் சட்டம் இயற்றுவது மாதிரியான வேலை, ஒருவருடைய வழக்கை விசாரித்துத் தீர்ப்பது மாதிரி இல்லை, எனவே சட்டத்தில் என்ன நடைமுறை எழுதியிருக்கிறதோ அதைப் பின்பற்றினால் போதும், அதற்கு மேல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

ஆக, அரசின் முடிவு புத்திசாலித்தனமா இல்லையா என்று கோர்ட் பெரும்பாலும் பார்க்காது. நடைமுறை தவறியதா என்று பார்க்கும். உத்தேச அறிவிக்கையே போடாமல் சேர்த்தார்களா, கெடு முடிவதற்குள் இறுதி அறிவிக்கை வந்துவிட்டதா, வந்த ஆட்சேபணைகளைத் தொடக்கூட இல்லையா, இந்த மாதிரி ஏதாவது கையில் இருந்தால் போங்கள். கல்யாண் கதையில் ஜெயித்த ஊர் எது என்று இன்னொரு தடவை பாருங்கள்: வரைவு வந்தபோதே ஆட்சேபித்த உல்லாஸ்நகர்தான். எல்லாம் முடிந்த பிறகு வந்தவர்களுக்குத்தான் கதவு திறக்கவில்லை.

இன்னொன்று, வார்டு எல்லை மறுவரையறை பற்றிய சட்டத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்கவே கூடாது என்று 243-இசட்ஜி பிரிவு தடுத்து வைத்திருக்கிறது. ஊர் எல்லையும் வார்டு எல்லையும் வேறு வேறு, மனுவில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நகராட்சி ஆகிவிட்டோம். ஆனால் சேர்மனும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தெரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

பதில்: ஆணையரிடம். தேர்தல் வரை மன்றத்தின் அதிகாரமெல்லாம் தனி அலுவலர் கையில் இருக்கும். புது நகராட்சிக்கு மக்கள்தொகையைப் பார்த்து எத்தனை வார்டு என்று முடிவு செய்து, மறுவரையறை ஆணையம் வார்டுகளைப் பிரித்து, அதற்கும் ஆட்சேபணை கேட்டு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் (தமிழ்நாட்டில் பெண்களுக்கு 50 சதவீதம்) எந்த வார்டு என்று ஒதுக்கி, பிறகு மாநிலத் தேர்தல் ஆணையம் தேதி சொல்ல வேண்டும். சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது, நடப்பதற்குக் கேட்கவா வேண்டும். 2011-க்குப் பிறகு நகர்ப்புறத்தில் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று அரசியல் சட்டம் சொல்வதை எல்லாக் கட்சியும் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கவுன்சிலர் இல்லாத காலத்தில் வாய் வார்த்தைக்குச் சாட்சி கிடையாது.

கேள்வி: சென்சஸ் முடியும் வரை எல்லையை மாற்றக் கூடாதாமே? (விழுப்புரம் வாசகர்)

பதில்: ஆமாம். கணக்கெடுப்பவர் கையில் வரைபடத்தைக் கொடுத்து அனுப்பிய பிறகு ஊர் எல்லை நகர்ந்தால் சிலரை இரண்டு தடவை எண்ணுவார்கள், சிலரை எண்ணவே மாட்டார்கள். அதனால் 2027 கணக்கெடுப்புக்காக, மாவட்டம் தாலுகா நகராட்சி என்று எதை மாற்றுவதானாலும் 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சென்சஸ்காரர்களுக்கு நகரம் என்றால் அரசு அறிவித்த நகரம் மட்டும் இல்லை. 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது, ஆண் உழைப்பாளிகளில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில், இந்த மூன்றும் இருந்தால் அவர்கள் கணக்கில் அது நகரம். ஊராட்சியாகவே இருந்தாலும் சரி. 2011-ல் நாடு முழுவதும் அப்படிப்பட்ட ஊர்கள் 3,800-க்கு மேல். எனவே உங்கள் ஊர் கணக்கெடுப்புப் புத்தகத்தில் நகரமாகவும் அரசுப் புத்தகத்தில் கிராமமாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், குழம்ப வேண்டாம். ஆனால் இந்தப் பெயரால் வரியும் ஏறாது, நூறு நாள் வேலையும் போகாது.

கேள்வி: வீட்டு வரி எவ்வளவு ஏறும்? பட்டாவை மாற்ற வேண்டுமா? (அவிநாசி வாசகர்)

பதில்: எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்து தொகை சொன்னால் அது ஜோசியம். கணக்கு மாறும் என்பது நிச்சயம், நகர்ப்புறத்தில் கட்டடத்தின் பரப்பு, எந்த மண்டலம், குடியிருப்பா கடையா என்று பார்த்து, அரையாண்டுக்கு ஒரு தடவை வாங்குவார்கள். 2022-ல் மாநிலம் முழுவதும் சொத்து வரியை உயர்த்தியபோது சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் சதவீதம் வைத்தார்கள். அதோடு காலிமனை வரி இருக்கிறது. ஊராட்சியாக இருந்தபோது வாங்கிப் போட்டு மறந்துவிட்ட மனைக்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வரும்போதுதான் பல பேருக்கு ஞாபகமே வரும்.

பட்டாவை நீங்கள் போய் மாற்ற வேண்டாம். நகராட்சி ஆன அன்றே புல எண் மாறிவிடாது. எப்போதாவது நகர நில அளவை நடந்தால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று புது எண் வரும். அது பத்து வருஷம் கழித்தும் வரலாம். அந்தச் சமயம் அளக்க வரும்போது வீட்டில் இருந்து, பழைய பத்திரத்தையும் பட்டாவையும் காட்டி, பெயரும் அளவும் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இதைக் கோட்டைவிட்டுவிட்டு, விற்கப் போகும்போது பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் முடிச்சுப் போட அலைவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: பல்லாவரம் பக்கம் கன்டோன்மென்ட் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது எந்த மாநகராட்சி? (சென்னை வாசகர்)

பதில்: எதுவும் இல்லை. கன்டோன்மென்ட் என்பது ராணுவம் தங்கும் பகுதிக்கென்று இருக்கும் தனி உள்ளாட்சி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி வந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2011-ல், சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தும் பரங்கிமலை-பல்லாவரம் கன்டோன்மென்ட் மட்டும் தனி, ஏனென்றால் அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், 2006-ஆம் வருடத்துக் கன்டோன்மென்ட் சட்டப்படி நடப்பது. மாநில அரசு தன் அறிவிக்கையால் அதைத் தொட முடியாது. கன்டோன்மென்ட்களில் பொதுமக்கள் வாழும் பகுதியைப் பிரித்துப் பக்கத்து நகராட்சியில் சேர்க்க மத்திய அரசு முடிவெடுத்து, 2023-ல் இமாச்சலத்தில் யோல் என்ற ஊரில் தொடங்கியது.

கேள்வி: பேரூராட்சியைத் திரும்பவும் ஊராட்சியாக்கிய சரித்திரம் உண்டா? (தேனி வாசகர்)

பதில்: நம் மாநிலத்திலேயே உண்டு, பலருக்கு மறந்துவிட்டது. 2004-ல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சி என்று பெயர் மாற்றி ஊராட்சிச் சட்டத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். மத்திய அரசின் கிராம வளர்ச்சிப் பணம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டே வருஷம், ஆட்சி மாறியது, 2006-ல் 561 சிறப்பு ஊராட்சிகளும் மறுபடி பேரூராட்சி ஆயின. ஊரும் நகரவில்லை, தெருவும் மாறவில்லை, பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு மட்டும் இரண்டு தடவை கூலி கிடைத்தது.

கேள்வி: இந்தியாவில் முதல் மாநகராட்சி சென்னைதானே? அதற்கு எல்லை எப்படிப் போட்டார்கள்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: சென்னைதான். 1687 டிசம்பர் 30-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த சாசனம், 1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. எல்லைக்குப் புல எண்ணும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை: கோட்டையிலிருந்து பத்து மைலுக்கு மிகாமல் கம்பெனிக்குச் சொந்தமான இடமெல்லாம். அவ்வளவுதான்.

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும். ஊர் நகராட்சியாகிவிட்டது, விலாசத்தில் தாலுகா, மாவட்டம் மாற்ற வேண்டுமா? அச்சகத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள். (பெருந்துறை வாசகர்)

பதில்: வேண்டாம் சார். தாலுகாவும் மாவட்டமும் வருவாய்த்துறைக் கணக்கு, நகராட்சி ஆனதால் அவை மாறாது. பின்கோடு தபால் துறையுடையது, அதுவும் அப்படியே. பழைய விலாசத்தையே போட்டு அடிக்கச் சொல்லுங்கள். மகளுக்கு என் வாழ்த்துகள்.